டிஸ்க்கில் இடம்

கட்டிலின் நான்காவது திருகு அசையவில்லை. தம்பி ஸ்பேனரை மாற்றிப் பிடித்து, முழங்காலை இரும்புச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினான். தலைப்பக்கம் உயர்த்தி இறக்கக்கூடிய ஆஸ்பத்திரிக் கட்டில், மூன்று மாத வாடகைக்கு வந்தது. கடைக்காரர் ஆள் அனுப்பிப் பிரித்துக்கொள்வதாகத்தான் சொன்னார். ஆனால் கையில் ஒரு வேலை இல்லாமல் அந்த வீட்டில் நிற்க அவனால் முடியவில்லை.

அக்காவைக் கூடத்தில் கிடத்தி இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு மூச்சு நின்றது. பெரிய போராட்டம் எதுவும் இல்லை. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டது. பிறகு இடைவெளி மட்டும்தான் இருந்தது. அவள் கணவர், அவனுக்கு மாமா, அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி ரொம்ப நேரம் விடாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, யார் யாருக்குச் சொல்ல வேண்டுமென்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார்.

திருகு கழன்றது. மெத்தையைச் சுருட்டித் தூக்கியபோது அதனடியில் ஏதோ துடித்தது. அக்காவின் போன். சத்தத்தை நிறுத்தி, அதிர்வு மட்டும் வைத்திருந்தாள்.

எடுத்துப் பார்த்தான். ஒரே செய்தி ஏழு தடவை வந்திருந்தது. 'தளம் பதில் தரவில்லை.' முதல் செய்தி வந்த நேரம் மூன்று பத்து.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் அக்காவுக்கு வேலை. தசைகள் வலுவிழந்துகொண்டே போகும் ஒரு நோய்க்குப் புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு ஊர்களில் இருக்கும் நர்சுகள், பிள்ளைகளின் எடை, நடந்த தூரம், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரு இணையப் பக்கத்தில் பதிவார்கள். பிள்ளைகளின் விவரம் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. அதனால் அந்தத் தளத்தை வேறு யாரிடமும் ஒப்படைக்காமல், ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் சொந்த மெஷினில் நிறுவி, ஒன்பது வருஷமாக அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். புதுப் பதிப்பு வந்தால் ஏற்றுவாள். ராத்திரிதோறும் எல்லாவற்றையும் நகலெடுக்கும் பேக்கப் ஓடியதா என்று தினமும் பார்ப்பாள். படுக்கையில் விழுந்த பிறகும் அந்தப் பார்வை மட்டும் நிற்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம்கூடக் கேட்டாள். பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது.

"டேய் லிஃப்ட்டு. டிஸ்க்ல எவ்வளவு இடம் இருக்குன்னு பாருடா."

அவன் லிஃப்ட் மெக்கானிக். அதனால் அந்தப் பெயர். இருபது வருஷமாக அவள் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மடிக்கணினி மேசை மேலேதான் இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் அவள் தலை அவன் கையில் சாய்ந்திருந்தது. கையை எடுத்தால் அவள் விழித்துக்கொள்வாள், விழித்தால் வலிக்கும்.

"பார்த்துட்டேன். எக்கச்சக்கமா இருக்கு. நீ தூங்கு" என்றான்.

அவள் தூங்கினாள். அவன் பார்க்கவில்லை.

கூடத்துக்கு வந்தான். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அக்காவின் தலைமாட்டில், ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா காலை மடித்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். வேலையில் அக்காவுக்கு மேலதிகாரி. வெளியே இருவரும் ஒருவரையொருவர் வாடி போடி என்று பேசிக்கொள்பவர்கள். அவன் குனிந்து போனைக் காட்டினான். அவர் படித்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். ஏதோ அவளிடம் கேட்கப் போனவர் மாதிரி இருந்தது.

"புது ஆள் எங்கே?" என்றான் மெல்லிய குரலில். அக்காவின் இடத்துக்கு வந்த நிர்வாகி ஒருவர் இருந்தார். நல்ல கெட்டிக்காரர் என்று அக்காவே சொல்லியிருக்கிறாள்.

"லீவுல ஊருக்குப் போயிருந்தார். சேதி கேட்டு ரயிலேறிட்டார். வர சாயங்காலம் ஆகும். வழியெல்லாம் சிக்னலே கிடையாது."

"ஒரு நாள் பேப்பர்ல எழுதிக்க முடியாதா?"

"எடையெல்லாம் எழுதிக்கலாம். மருந்து குடுக்க முடியாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்குச் சும்மா மருந்து மாதிரி ஒண்ணு. எந்தப் பிள்ளைக்கு எந்த எண் மருந்துப் பெட்டின்னு அந்த மெஷின்தான் சொல்லும். எனக்கே தெரியாது. தெரியவும் கூடாது. இன்னைக்கு ஒன்பது பிள்ளைங்க வந்திருப்பாங்க. அதுல ரெண்டு பேருக்கு இன்னையோட கெடு முடியுது. இன்னைக்குக் குடுக்கலைன்னா ஆய்விலேருந்தே எடுத்துடணும்."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா அவ்வளவுதான். வேற மருந்து எதுவும் இல்ல."

அவன் நிமிர்ந்தான். "எனக்கு அதை நிறுவத் தெரியும், டாக்டர். ஆறு தடவை நிறுவியிருக்கேன்."

அது உண்மை. நான்கு மாதத்துக்கு முன்னால், இனி மாதக் கணக்குத்தான் என்று தெரிந்த வாரத்தில், அக்கா ஒரு பழைய மெஷினைத் துடைத்துக் காலியாக்கி அவன் முன்னால் வைத்தாள். கூடவே நாற்பது பக்கக் குறிப்பு.

"இதைப் பார்த்து முதல்லேருந்து நிறுவு. என்கிட்ட எதுவும் கேக்காதே."

மூன்றாவது வரியிலேயே மாட்டிக்கொண்டான். 'டெர்மினலைத் திற' என்று எழுதியிருந்தது.

"எந்த டெர்மினல்? மோட்டார்லயே மூணு இருக்கு."

அக்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, மாமா ஓடிவந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, 'கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திற' என்று புதிதாக எழுதினாள். அவன் திணறிய இடமெல்லாம் திருத்தினாள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். முதல் தடவை ஆறு மணி நேரம் பிடித்தது. கடைசித் தடவை ஐம்பது நிமிஷம்.

"எனக்காகவா எழுதறே?" என்று கேட்டதற்கு, "ஆசைதான். நீ தாண்டிட்டேன்னா எவனும் தாண்டிடுவான். அதுக்குத்தான்" என்றாள்.

டாக்டரம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். "கடவுச்சொல் என் அலமாரியில ஒட்டின உறையில இருக்கு. நான்தான் திறக்கணும். நானும் வரேன்."

வாசலில் பெரியப்பா மறித்தார். "எங்கேடா போறே? நாலு பேர் வர்ற நேரம். கூடப் பிறந்தவ இப்படிக் கிடக்கா, உனக்கு வேலை கேக்குதா?"

மாமா தன் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் பேசினார்.

"போகட்டும் பெரியப்பா. அவ இருந்திருந்தா இந்நேரம் செருப்பை மாட்டியிருப்பா." பிறகு அவனைப் பார்த்து, "வண்டி பன்னிரண்டுக்கு வருது மச்சான்" என்றார்.

கார் ஒரு சிக்னலில் நின்றபோது அவன் பேச்சை ஆரம்பித்தான்.

"நேத்து டிஸ்க்ல இடம் இருக்கான்னு கேட்டா. நான் பார்க்காமயே இருக்குன்னு சொல்லிட்டேன்."

டாக்டரம்மா ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. பச்சை விழுந்தது.

"நானும் அவகிட்ட ரெண்டு மூணு பொய் சொல்லியிருக்கேன். அவ ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டே" என்றார்.

கீழ்த்தளத்து அறை குளிர்ந்து கிடந்தது. ஆளுயர அலமாரியில் மெஷின் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து மேசையில் நீல அட்டை போட்ட குறிப்பு. டாக்டரம்மா உறையைக் கிழித்துக் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். அவன் உட்கார்ந்தான்.

முதல் பக்கத்தில் அக்கா எழுதியிருந்தாள்: 'பதறாதே. நின்றுபோன தளத்தால் வருகிற கெடுதலைவிட, பதற்றத்தில் நீ செய்யும் காரியத்தால் வருகிற கெடுதல்தான் பெரிது. எதையும் அழிக்கும் முன் அது என்ன என்று வாய்விட்டுச் சொல். சொல்ல முடியாவிட்டால் அழிக்காதே.'

லிஃப்ட் நின்றுபோனால் அவன் எந்த வரிசையில் பார்ப்பானோ அதே வரிசையில் பார்த்தான். மின்சாரம் இருக்கிறது. இணைய இணைப்பு இருக்கிறது. தளம் மேலே வரப் பார்க்கிறது, ஆனால் தகவல்களை வைத்திருக்கும் அடித்தளம் எழுந்திருக்க மறுக்கிறது. ஏன்? டிஸ்க்கைப் பார்த்தான்.

நூறு சதவீதம். ஒரு துளி இடமில்லை.

நேற்று நாலு எட்டு வைத்திருந்தால் எண்பது, எண்பத்தைந்து என்று காட்டியிருக்கும். பத்து நிமிஷ வேலையாக முடிந்திருக்கும்.

"என்ன?" என்றார் டாக்டரம்மா.

"நிரம்பிடுச்சு. பதினாலாம் பக்கம்." குரல் தெளிவாகத்தான் வந்தது. அதில் அவனுக்கே ஆச்சரியம்.

பதினான்காம் பக்கம் சொன்னபடி, எது அடைத்துக்கொண்டிருக்கிறதென்று தேடினான். மெஷினுக்குள் பேக்கப் வைக்கும் அறை. அதில் மூன்று பெரிய கோப்புகள். செவ்வாய், புதன், வியாழன். ஆனால் பேக்கப் இந்த டிஸ்க்குக்கே வரக் கூடாது. நகல்களை வைக்கத் தனியாக ஒரு டிஸ்க் பெட்டி இருக்கிறது, அதற்குள்தான் போக வேண்டும். அவன் எழுந்து அலமாரிக்குப் பின்னால் போனான். பெட்டி அங்கேதான் இருந்தது, விளக்கில்லாமல். ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனான். பிளக் சுவரிலிருந்து பாதி வெளியே வந்து தொங்கியது.

"இங்க யாராவது வந்தாங்களா, இந்த வாரம்?"

"செவ்வாய்க்கிழமை ஏசிக்காரங்க. அலமாரியை நகர்த்தினாங்க."

அப்போதுதான் முழுக் கதையும் அவனுக்கு விளங்கியது. மாடியில் லிஃப்ட் வந்து நிற்காமலேயே வெளிக்கதவு திறந்துகொள்வதுண்டு. கதவு திறந்ததே என்று ஆள் கால் வைத்துவிடுவார். அப்படித்தான். பெட்டி அணைந்துபோனது, ஆனால் அதன் வாசலான அந்த அறை மட்டும் மெஷினுக்குள் திறந்தபடியே இருந்தது. பேக்கப் ஒவ்வொரு ராத்திரியும் அந்த வாசல் வழியாக இந்த டிஸ்க்குக்குள்ளேயே விழுந்திருக்கிறது. மூன்றாம் ராத்திரி விழ இடமில்லை.

"அப்போ அந்த மூணையும் அழிச்சிட்டா இடம் வந்துடும்?" டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால்.

"வந்துடும்." அவன் விரல் விசையின் மேல் இருந்தது. வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தான். "இது செவ்வாய் ராத்திரி பேக்கப். இது புதன் ராத்திரி பேக்கப். இது வியாழன், பாதியில நின்னது..."

நிறுத்தினான். பெட்டிக்குள் இருப்பதெல்லாம் திங்கள் வரைதான். செவ்வாய்க்குப் பிறகு பதிந்ததற்கு இதைத் தவிர வேறு நகல் உலகத்தில் இல்லை. அடித்தளம் இடறி விழுந்து ஆறேழு மணி நேரம் ஆகிவிட்டது. எழுந்திருக்கும்போது காலை உடைத்துக்கொண்டு எழுந்தால்? பெட்டியை இப்போதே மாட்டவும் முடியாது. மாட்டினால் அது வாசலை அடைத்துக்கொள்ளும், பின்னால் கிடக்கும் இந்த மூன்றும் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

பதினான்காம் பக்கத்தில் இதற்கு ஒரு வார்த்தை கிடையாது. பதினைந்தைப் புரட்டினான். அதிலும் இல்லை. அக்கா யோசிக்காத இடம் ஒன்று இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

"அழிக்க வேண்டாம்" என்றான். "முதல்ல வேற டிஸ்க்குக்கு நகலெடுக்கணும். கட்டடத்துக்குள்ளேயே இருக்கிற டிஸ்க்."

"என் அலமாரியில ஒண்ணு இருக்கு. பூட்டு வெச்சது. எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி."

"பன்னிரண்டுக்கு வண்டி."

"தெரியும், டாக்டர்."

அவர் வேறெதுவும் கேட்காமல் மாடிப்படியேறி ஓடினார்.

நகல் ஓட ஆரம்பித்தது. இனி காத்திருப்பதுதான். பையிலிருந்த அக்காவின் போன் அதிர்ந்தது. இந்த முறை அழைப்பு. எடுத்தான்.

"அக்கா, நான்தான்." ஒரு பெண் குரல், நர்ஸ், மூச்சுவிடாமல் பேசியது. "காலையிலேருந்து பக்கம் திறக்கவே மாட்டேங்குது. ஒரு பையன் நாலு மணி நேரம் பஸ்ல வந்து உக்காந்திருக்கான். அவனுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். கொஞ்சம் பாருங்கக்கா."

"அக்கா இல்லைங்க. நான் அவங்க தம்பி பேசறேன்."

"சீட்ல இல்லையா? எப்ப வருவாங்க?"

அவன் வாயைத் திறந்தான். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, பிஸ்கட்டில் பாதி எனக்கு என்று யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது.

"இன்னும் அரை மணி நேரம். அந்தப் பையனைப் போக விட்டுடாதீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான்.

"நீங்களும் கம்ப்யூட்டர் வேலைதானா?"

"லிஃப்ட் வேலை."

"சரி, எப்படியோ மேல கொண்டுவந்துடுங்க" என்றாள் நர்ஸ்.

நகல் முடிந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தான், ஒன்றுபோலவே இருந்தன. மறுபடி வாய்விட்டுச் சொன்னான். இந்த முறை கடைசி வரை. டாக்டரம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அழித்தான். பிளக்கை அழுத்திச் செருகினான். பெட்டி முனகிக்கொண்டு விழித்தது. அதன் வாசலில் அதை உட்காரவைத்தான். அடித்தளத்தை எழுப்பினான். அது தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பேசாமல் கிடந்தது. அந்த ஒரு நிமிஷம் இரண்டு பேரும் திரையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

எழுந்தது. எதுவும் உடையவில்லை.

தளம் திறந்தது. கடைசிப் பதிவு நேற்று மாலை ஐந்து மணி. அதற்கடியில் ஒன்றுமில்லை. அவன் நர்சைக் கூப்பிட்டான். "இப்போ பாருங்க."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் கத்தினாள். "வந்துடுச்சு! நூத்திப் பதினேழு! டேய், உன் மருந்துப் பெட்டி எண் வந்துடுச்சுடா!" யாரோ கை தட்டினார்கள். "அக்காகிட்ட சொல்லிடுங்க, பிழைச்சோம்னு."

"சொல்றேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது டாக்டரம்மா ஜன்னலில்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ போன சேதியை எல்லா ஊருக்கும் நானே நாளைக்குச் சொல்லிக்கிறேன்" என்றார். அவர்கள் கிளம்புவதற்குள் திரையில் இன்னும் மூன்று பதிவுகள் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து ஒன்றன்கீழ் ஒன்றாக உட்கார்ந்தன.

வெளியே வருமுன் அவன் மேசையிலிருந்த பேனாவை எடுத்தான். பதினான்காம் பக்கத்தின் அடியில், கொஞ்சம் யோசித்து, அவளைப் போலவே எழுதினான்: 'முதலில் பெட்டியின் விளக்கு எரிகிறதா பார். எரியவில்லை என்றால், பெட்டியை மாட்டும் முன், உள்ளே விழுந்ததை நகலெடு.' தேதி போட்டான்.

பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தபோது கூட்டம் அதிகமாகியிருந்தது. பெரியப்பா கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார். மாமா கேட்டார்.

"ஓடுதா?"

"ஓடுது, மாமா."

மாமா தலையசைத்தார். குனிந்து அக்காவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார். விடியற்காலையிலிருந்து வறண்டே கிடந்த அவர் கண் அப்போதுதான் கலங்கியது. தம்பி அவர் தோளில் கை வைத்தான். வண்டி வரும்வரை எடுக்கவில்லை.

மயானத்து அலுவலகம் ஒரு சின்ன அறை. மின்விசிறி சுற்றும் ஒவ்வொரு முறையும் காகிதங்களின் ஓரம் எழுந்து படிந்தது. மாமாவால் எழுத முடியவில்லை என்பதால் படிவத்தைத் தம்பி வாங்கிக்கொண்டான். வயது, முகவரி, இறந்த நேரம், எழுதுபவரின் உறவுமுறை எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக எழுதினான். 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"கம்ப்யூட்டர்னு போடுங்க சார், போதும்" என்றார் எழுத்தர், அவசரப்படுத்தாமல்.

அவன் கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தான். தீப்பெட்டி அகலம்கூட இல்லை. பிறகு எழுதத் தொடங்கினான். சின்னச் சின்ன எழுத்தாக, நெருக்கமாக. நோயுற்ற பிள்ளைகளின் விவரங்களைப் பத்திரமாக வைத்திருந்து, வேண்டிய நேரத்தில், வேண்டியவர்களுக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்பவர். பாதியிலேயே கட்டம் முடிந்துவிட்டது. கோட்டைத் தாண்டி ஓரத்துக்குப் போனான், ஓரமும் முடிந்ததும் காகிதத்தைத் திருப்பிவைத்து மேல்நோக்கி எழுதினான்.

எழுத்தர் படிவத்தை வாங்கினார். தலையைச் சாய்த்தும் பிடிபடவில்லை. காகிதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, விசிறிக் காற்றில் பறக்காமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை உதடு அசையப் படித்தார். பிறகு அந்த எழுத்துகளின் மேல் மை படாத இடமாகப் பார்த்து முத்திரையைக் குத்தினார்.